நல்லாசிரியருக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள்

கல்வியையும் சாதியையும் வைத்துப் படமெடுக்க நினைக்கும் இயக்குநர்களுக்கும் திரைக்கதை ஆசிரியர்களுக்கும்,

2011 ஆகஸ்ட் 12 அன்று வெளிவந்த பிரகாஷ் ஜாவின் 'ஆரக்ஷன்' படத்தை மறுபடி ஒருமுறை போட்டுப் பாருங்கள். இட ஒதுக்கீடு என்றே பெயர் வைத்துக்கொண்டு வந்த இந்திப் படம் அது. அமிதாப் பச்சன், சைஃப் அலி கான், தீபிகா படுகோன், மனோஜ் பாஜ்பாய் என்று நட்சத்திரங்களுக்குக் குறைவில்லை. பார்த்து முடித்ததும் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் விடை தேடுங்கள்: இடைவேளைக்குப் பிறகு அந்தத் தலைப்பு எங்கே போயிற்று?

கதை போபாலில் நடக்கிறது. மத்திய உயர்கல்வி நிறுவனங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீத ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2008 ஏப்ரல் 10 அன்று தீர்ப்புச் சொன்னது நினைவிருக்கும். அந்தத் தீர்ப்பு ஒரு கல்லூரிக்குள் வந்து விழுகிறபோது என்ன ஆகும் என்பதுதான் படத்தின் தொடக்கம். தலித் இளைஞன் தீபக் (சைஃப்) ஒரு நேர்காணலில் உட்கார்ந்திருக்கிறான். எதிரே இருப்பவர்கள் அவன் படிப்பை விட்டுவிட்டுப் பிறப்பைத் துருவுகிறார்கள். பிறகு அதே ஊரில் ஒரு கல்லூரியில் அவன் ஆசிரியராகிறான். தீர்ப்பு வந்த நாளில் ஒரு பக்கம் கொண்டாட்டம், ஒரு பக்கம் கொதிப்பு. உற்ற நண்பன் சுஷாந்துக்கும் அவனுக்கும் முட்டிக்கொள்கிறது. காலம்காலமாக உழைத்தது யார், 'தகுதி' யாருடையது என்று தீபக் கேட்கும் இடங்களில் வசனம் தீயாக இருக்கிறது. இந்தி வணிகப் படம் ஒன்றில் இவ்வளவு வெளிப்படையாக இந்தச் சண்டை நடந்ததே அபூர்வம். அதற்காக ஜாவைப் பாராட்டத்தான் வேண்டும்.

அதற்குப் பிறகுதான் சறுக்கல். கல்லூரி முதல்வர் பிரபாகர் ஆனந்த் ஒதுக்கீட்டுக்கு ஆதரவாகப் பேசியதால் பதவி போகிறது. அவர் வீட்டையே பயிற்சி வகுப்பு வியாபாரி மிதிலேஷ் சிங் வளைத்துக்கொள்கிறார். முதல்வர் மாட்டுத் தொழுவத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணக்குச் சொல்லித்தரத் தொடங்குகிறார். அங்கிருந்து படம் முழுக்கத் தொழுவத்துக்கும் பயிற்சி மையத்துக்கும் நடக்கும் போட்டிதான். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அங்கே ஒன்றாக உட்கார்ந்துவிட்டதால் முதல் பாதிச் சண்டை தானாக ஆறிப்போகிறது. தீபக் ஆசிரியரின் துணைக்கு நிற்கும் ஆளாகச் சுருங்கிவிடுகிறான். கடைசியில் தொழுவத்தை இடிக்க வருகிறார்கள். அதை நிறுத்துவது எது என்கிறீர்கள்? சட்டமா, மாணவர் போராட்டமா? கல்லூரிக்குத் தன் பெயரைக் கொடுத்த செல்வாக்கான அம்மையாராக ஹேமமாலினி வந்து இறங்குகிறார். எல்லாம் சுபம்.

ஒரு உரிமையைப் பற்றிப் பேச ஆரம்பித்த படம், நல்லவர்களின் கருணையைப் பற்றிய படமாக முடிந்துபோனது. அந்தச் சறுக்கல் ஜாவோடு நின்றிருந்தால் இந்த மடலுக்கே தேவையிருந்திருக்காது.

'ஜென்டில்மேன்' (1993) நாயகன் கொள்ளையடித்த பணத்தில் ஏழைகளுக்குக் கல்லூரி கட்டுகிறான். 'சூப்பர் 30' (2019) நாயகன் பாட்னாவில் முப்பது பிள்ளைகளைச் சேர்த்து ஐஐடிக்குத் தயார் செய்கிறான். 'வாத்தி'யில் (2023) தனுஷ் தனியார் கல்வி முதலாளியை எதிர்த்து ஊர்ப் பிள்ளைகளைத் தேர்ச்சி பெற வைக்கிறார். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்தால் குறைசொல்ல முடியாத ஆட்கள்தான். சேர்த்துப் பார்த்தால் ஒரே ஆள். நல்லாசிரியர். அவர் வந்தால் பிள்ளைகள் படிப்பார்கள், வராவிட்டால் கெட்டுப்போவார்கள். இந்தியாவில் கோடிக்கணக்கான முதல் தலைமுறைப் பட்டதாரிகள் உருவானதற்கு அரசாணையும் விடுதியும் உதவித்தொகையும் ஒதுக்கீட்டு இடங்களும் காரணம். அந்த வரலாற்றில் நல்லாசிரியர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அரசாணை பார்க்கச் சுவாரசியமாக இல்லை என்பதற்காக அதன் இடத்தில் எத்தனை முறைதான் ஒரு மகானைக் கொண்டுவந்து நிறுத்துவீர்கள்?

'ஆரக்ஷ'னின் இரண்டாம் பாதிக்கு ஆதரவாக, பயிற்சி வகுப்பு என்பது பணமுள்ளவனுக்கான மறைமுக ஒதுக்கீடு என்று நீங்கள் பதில் சொல்லக்கூடும். சரிதான். தமிழ்நாட்டில் நீட் தேர்வை ஆராய 2021இல் அமைக்கப்பட்ட நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவும் அதைத்தான் சொன்னது: பயிற்சிக்குச் செலவழிக்க முடிந்தவர்களுக்கும் திரும்பத் திரும்ப எழுத முடிந்தவர்களுக்கும் அந்தத் தேர்வு சாதகம் என்று. அப்படியானால் பயிற்சிக்குப் பணம் கட்ட முடியாதவர்களில் எந்தச் சாதியினர் அதிகம் என்ற அடுத்த கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாமா? 'ஆரக்ஷன்' அதைக் கேட்கவில்லை. சாதியை வறுமையாக மாற்றிக்கொண்டு தப்பித்தது. 2011இல் திரையில் நடந்த அந்தத் தாவல் 2019இல் அரசியல் சட்டத்திலும் நடந்தது. 103ஆவது திருத்தம் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு 10 சதவீதம் கொடுத்தது. அந்த நலிந்தோரில் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட ஏழைகளுக்கு மட்டும் இடமில்லை. 2022 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அதை ஏற்றுக்கொண்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பிற்படுத்தப்பட்டவர் 'வசதி படைத்தவர்'. அதே 8 லட்சத்துக்குள் இருந்தால் முன்னேறிய சாதிக்காரர் 'நலிந்தவர்'. ஒரு டீக்கடைக் காட்சி போதும் இதைச் சொல்ல. ஏன் யாரும் எழுதவில்லை?

பயம் என்பீர்கள். தடை வரும், வழக்கு வரும், திரையரங்கு கொளுத்தப்படும். அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 'ஆரக்ஷன்' வெளியாகும் முன்பே உத்தரப் பிரதேசம், பஞ்சாப், ஆந்திரப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்கள் தடை விதித்தன. அப்போது உத்தரப் பிரதேச முதல்வர் மாயாவதி. தேசிய பட்டியல் சாதி ஆணையமும் படத்தைத் தனக்குப் போட்டுக்காட்டச் சொன்னது. நவாப் பரம்பரையில் வந்த சைஃப் தலித்தாக நடிப்பதா என்று ஒரு கூச்சல் வேறு. யார் நடிக்கலாம் என்பதைவிட, அந்தப் பாத்திரத்துக்கு இரண்டாம் பாதியில் ஏன் வேலையில்லை என்பதல்லவா அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி!

ஆனால் உத்தரப் பிரதேசத் தடை எத்தனை நாள் நின்றது? ஆகஸ்ட் 19 அன்று, படம் வெளியான ஏழாம் நாளே, உச்ச நீதிமன்றம் அதை உடைத்தது. தணிக்கை வாரியம் சான்றிதழ் கொடுத்த படத்தைச் சட்டம் ஒழுங்கு என்று சொல்லி மாநில அரசு நிறுத்திவைக்க முடியாது என்றது. அந்தத் தீர்ப்பு எந்த முன்மாதிரியின் மேல் நின்றது தெரியுமா? ஒரு தமிழ்ப் படத்தின் வழக்கின் மேல். கவிஞர் வாலி கதை எழுதி, கே. ஜோதிபாண்டியன் இயக்கி, லட்சுமி நடித்த 'ஒரே ஒரு கிராமத்திலே'. பிராமணப் பெண் காயத்ரி, குடும்ப நண்பரான தாசில்தாரின் உதவியால் கருப்பாயி என்ற பெயரில் போலிச் சாதிச் சான்றிதழ் பெற்று அதிகாரியாகும் கதை. சாதி வேண்டாம், பொருளாதாரம் பார்த்து ஒதுக்கீடு கொடுங்கள் என்பது படத்தின் வாதம். சென்னை உயர் நீதிமன்றம் தணிக்கைச் சான்றிதழை ரத்து செய்தது. தயாரிப்பாளர் எஸ். ரங்கராஜன் உச்ச நீதிமன்றம் போனார். ஊர்வலம் வரும், வன்முறை வெடிக்கும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை முடக்கக் கூடாது, அரசுக் கொள்கையை விமர்சிக்க எவருக்கும் உரிமை உண்டு என்று 1989 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. அந்தப் படம் தேசிய விருதும் பெற்றது.

அதாவது, இட ஒதுக்கீட்டைப் பற்றிப் படமெடுக்கும் உரிமையை நாட்டின் உச்ச நீதிமன்றம் இரண்டு முறை உங்கள் கையில் கொடுத்திருக்கிறது. ஒதுக்கீட்டைக் குறைசொன்ன படத்துக்கே அந்தக் காப்பு கிடைத்தது. அந்த உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்தீர்கள்?

போலிச் சான்றிதழ் வாங்கிய காயத்ரியின் கதை படமாகி விருதும் வாங்கிவிட்டது. உண்மையான சான்றிதழுக்கு அலையும் பிள்ளைகளின் கதை? தமிழ்நாட்டில் பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது. கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோதான் தர வேண்டும். காட்டுநாயக்கர், மலைக்குறவர் போன்ற சமூகங்களில் பிளஸ் டூ முடித்த பிள்ளை, 'உங்கள் அப்பாவிடம் சான்றிதழ் இருக்கிறதா' என்ற கேள்வியோடு திருப்பி அனுப்பப்படுவது ஒன்றும் புதிதல்ல. அப்பாவிடம் இருந்திருந்தால் பிள்ளை ஏன் மனுவோடு நிற்கிறது? 'ஜெய் பீம்' இதை ஒரு காட்சியில் தொட்டுவிட்டுப் போனது. கவுன்சலிங் தேதி நெருங்க, கோட்டாட்சியர் அலுவலக வராண்டாவில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதை மட்டுமே வைத்து இரண்டு மணி நேரப் படம் எடுக்கலாம். சண்டைக்காட்சிக்கு நிகரான பதற்றம் அதில் இருக்கிறது.

பதற்றம் போதாது என்றால் இன்னொன்று. உத்தரப் பிரதேசத்தின் முசாஃபர்நகர் மாவட்டத்தில் ஒரு தினக்கூலித் தொழிலாளியின் மகன், பட்டியல் சாதி மாணவன், 2024இல் ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறினான். தன்பாத் ஐஐடியில் மின் பொறியியல் கிடைத்தது. இடத்தை உறுதிசெய்ய 17,500 ரூபாய் கட்ட வேண்டும். கொடுத்த அவகாசம் நான்கு நாள். கெடு ஜூன் 24, மாலை 5 மணி. அந்த வீட்டில் 17,500 ரூபாய் என்பது ஒரு மாதக் கூலியைவிட அதிகம். அக்கம்பக்கத்தில் கேட்டுத் திரட்டினார்கள். கடைசி நிமிடங்களில் இணையதளத்துக்குள் நுழைந்து விவரங்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே மணி ஐந்தாகித் தளம் மூடிக்கொண்டது. இடம் போனது. அட்வான்ஸ்டு தேர்வை இரண்டு முறைக்கு மேல் எழுத முடியாது. அது அவனுக்கு இரண்டாம் முறை.

அதற்குப் பிறகு அவன் போன இடங்களைக் கேளுங்கள். பட்டியல் சாதி ஆணையம். ஜார்க்கண்டின் சட்ட உதவி மையம். அந்த ஆண்டு தேர்வை நடத்தியது சென்னை ஐஐடி என்பதால் சென்னை உயர் நீதிமன்றம். கடைசியில் டெல்லி. செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் அரசியல் சட்டத்தின் 142ஆவது பிரிவின் கீழுள்ள தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி, தேவைப்பட்டால் கூடுதல் இடம் உருவாக்கியாவது அவனைச் சேர்க்கச் சொன்னது. இத்தனைக்கும் இது முதல்முறை இல்லை. 2021இல் மும்பை ஐஐடியில் இடம் கிடைத்து, அட்டை வழியாகப் பணம் போகாமல் இடத்தை இழந்த இன்னொரு தலித் மாணவனுக்கும் அதே நீதிமன்றம்தான் இடம் வாங்கிக் கொடுத்தது.

இந்த முசாஃபர்நகர்க் கதையை நம் திரைக்கதை மேசை என்ன செய்யும் என்று ஊகிப்பது கடினமில்லை. ஊருக்குள் ஒரு கண்டிப்பான ஓய்வுபெற்ற ஆசிரியர் வருவார். அல்லது நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞர் கோட்டை உதறிக்கொண்டு எழுவார். பையன் பின்வரிசையில் கண்கலங்கி நிற்பான். உண்மையில் மூன்று மாதம் ஊர் ஊராக அலைந்து ஒவ்வொரு கதவாகத் தட்டியது அந்தப் பையனும் அவன் குடும்பமும்தான். நாயகன் ஏற்கனவே கதைக்குள் இருக்கிறான். நீங்கள் வெளியிலிருந்து ஒருவரை இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

பழைய கதை வேண்டுமென்றால் சென்னையிலேயே இருக்கிறது. மதராஸ் மாகாண வகுப்புவாரி ஆணைப்படி ஒவ்வொரு 14 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஆதிதிராவிடர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. மக்கள்தொகையில் சுமார் 3 சதவீதம் இருந்த பிராமணர்களுக்குப் பதினான்கில் இரண்டு போதவில்லை. மருத்துவம் படிக்க இந்த ஆணை தடை என்று செண்பகம் துரைராஜன் வழக்குப் போட்டார். அவர் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. விண்ணப்பிக்காத ஒருவரின் வழக்கில் 1951 ஏப்ரலில் ஆணை செத்தது. தமிழ்நாடு கொந்தளித்தது. இரண்டு மாதத்தில் அரசியல் சட்டம் முதல்முறையாகத் திருத்தப்பட்டு 15(4) பிரிவு பிறந்தது. நாடு முழுவதும் கல்வியில் ஒதுக்கீட்டுக்கு அடித்தளம் அதுதான். நாடாளுமன்றம், நீதிமன்றம், தெரு என்று மூன்று களமும் உள்ள அரசியல் படத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

கிடைத்த இடத்தில் போய் உட்கார்ந்த பிறகு நடப்பது தனிக் கதை. ஒதுக்கீடு என்றாலே அட்மிஷன் நாளோடு முடிகிற விஷயமாகவே திரையில் வருகிறது. டெல்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதத்தை ஆராய்ந்த தோரட் குழு 2007இல் கொடுத்த அறிக்கையைப் படியுங்கள். விடுதியில் தொல்லை தாங்காமல் அந்த மாணவர்கள் சில மாடிகளில் ஒதுங்கி வாழ வேண்டியிருந்ததை அது சொல்கிறது. மருத்துவர் ஆகப் போகிறவர்களின் விடுதி அது. 'உன் ரேங்க் என்ன' என்ற சாதாரணக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கும் என்பது அந்த வழியில் வந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். 2016 ஜனவரியில் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர் ரோகித் வெமுலாவும், 2019 மே மாதம் மும்பையில் மருத்துவர் பாயல் தட்வியும் இறந்தபோது நாடு அதைக் கொஞ்ச நாள் பேசியது. 'பரியேறும் பெருமாள்' (2018) இந்த விஷயத்தில் தனித்து நிற்கிறது. ஆங்கிலத்தில் நடக்கும் சட்டக் கல்லூரி வகுப்பு புரியாமல் பரியன் உட்கார்ந்திருக்கும் இடத்தில் மாரி செல்வராஜ் எந்த மகானையும் கொண்டுவரவில்லை. அவமானத்தை அவன் பார்வையிலிருந்தே காட்டினார். படம் ஓடியதா, இல்லையா? ஓடியது.

'தகுதி' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒதுக்கீட்டுப் படம் என்றால் எப்படியும் ஒரு காட்சியில் 95 மதிப்பெண் வாங்கியவன் அழுதுகொண்டு நிற்பான், 60 வாங்கியவன் உள்ளே போவான். அந்தக் காட்சியை எழுதும் முன் 2022 ஜனவரி 20 தீர்ப்பைப் படியுங்கள். மாநில அரசுகள் அகில இந்தியத் தொகுப்புக்குக் கொடுக்கும் மருத்துவ இடங்களில் பிற்படுத்தப்பட்டோருக்குப் பல ஆண்டுகளாக ஒதுக்கீடே இல்லை. தமிழ்நாட்டுக் கட்சிகள் 2020இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் போராடின. 2021இல் 27 சதவீதம் வந்தது. அதை எதிர்த்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம், தேர்வு மதிப்பெண் ஒருவரின் முழுத் தகுதியைச் சொல்லிவிடாது, குடும்பமும் பள்ளியும் பரம்பரையாக வரும் வசதிகளும் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன என்று விளக்கியது. நீதிபதிகளே இவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள். திரைக்கதை மட்டும் மண்டல் எதிர்ப்புப் போராட்டம் நடந்த 1990இல் நிற்கலாமா?

இதற்காக எதிர்த்தரப்பைப் பொம்மையாக்கச் சொல்லவில்லை. 'ஆரக்ஷ'னில் சுஷாந்தின் கோபத்துக்கும் ஒரு நியாயம் இருப்பதாக அவன் நம்புகிறான், அதனால்தான் அந்தச் சண்டை உயிரோடு இருக்கிறது. அவனைப் பேச விடுங்கள். பேசி முடித்ததும் தீபக்கும் பதில் சொல்லட்டும். இருவருக்கும் நடுவில் ஒரு பெரியவர் வந்து தோளில் கை போட்டுச் சமாதானம் செய்ய வேண்டாம்.

ஆகவே, உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். அடுத்த முறை கல்வியும் சாதியும் சேர்ந்த கதையை எடுக்கும்போது நல்லாசிரியருக்கும் நல்ல வழக்கறிஞருக்கும் நல்ல கோடீஸ்வர அம்மையாருக்கும் விடுப்பு கொடுங்கள். ஒதுக்கீட்டில் படித்து வந்த பெண்களையும் ஆண்களையும் 'ஆலோசகர்' என்று ஒரு மதியம் டீ கொடுத்து அனுப்பிவிடாமல், சம்பளத்தோடும் டைட்டிலில் பெயரோடும் எழுத்தாளர்களாக உட்கார வையுங்கள். சான்றிதழ், கட்-ஆஃப், உதவித்தொகை, விடுதி, கெடு தேதி ஆகியவற்றை ஒரு சண்டைப் பயிற்சியாளரிடம் காட்டும் அக்கறையோடு விசாரித்து எழுதுங்கள். இடைவேளைக்குப் பிறகும் அந்த மாணவியையோ மாணவனையோ கதையின் நடுவிலேயே வைத்திருங்கள். உங்கள் கையில் இப்போது இப்படி ஒரு கதை இருந்தால், இன்று இரவே அதன் இரண்டாம் பாதியை எடுத்துப் பாருங்கள். முடிவுகளை எடுப்பது யார் என்று எண்ணுங்கள். அந்தப் பிள்ளை இல்லையென்றால், திருத்தி எழுதுங்கள்.

அன்புடன்,
முதல் நாள் டிக்கெட் எடுக்கத் தயாராக இருக்கும் பார்வையாளர்கள் சார்பில்